வெண்குழியத்தில முதலாம் பிள்ளை

என்ர மனுசனுக்கு வாழ்க்கையில ரெண்டு குறை. ஒண்டு, ஊரில மெடிசினுக்கு எடுபடாமல் போனது. கொஞ்ச மார்க்ஸ்தான் குறைஞ்சது எண்டு இண்டைக்கும் புதுசாச் சந்திக்கிற ஆக்களுக்குச் சொல்லுவார். மற்றது, இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசமாகியும் ஒரு சங்கத்துக்கும் தலைவரா வராதது. கோயில் சபையில இடம் குடுக்கேல்லை. பழைய மாணவர் சங்கத்தில உபதலைவரோட நிப்பாட்டிப் போட்டினம். பெற்றோல் ஸ்டேசனை வித்துப்போட்டு வீட்டில குந்தியிருந்த ஒரு தை மாசம், ரெண்டு குறையையும் ஒரேயடியாத் தீர்க்கிற வழியைக் கண்டுபிடிச்சார். நோயெதிர்ப்பு நடைச் சங்கம் எண்டு ஒண்டைத் துவங்கி, தானே தலைவரானார்.

காலமை பார்க்கில கூடி, குளத்தைச் சுத்தி நடந்து, உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுறதுதான் நோக்கம். நடக்கிறதுக்கு என்னத்துக்குச் சங்கம் எண்டு கேட்டன். சங்கமில்லாமல் நடந்தால் அது கடைக்குப் போற நடை எண்டார். லண்டனில, குட்மேய்ஸில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அந்த விளக்கம் போதும். கொஞ்ச நாளைக்குள்ள இருபது பேர் மட்டில சேந்திட்டினம். அதில பாதிப் பேர் கமிட்டி.

முதல் கூட்டங்கள் எல்லாம் குளத்தை எந்தப் பக்கமாச் சுத்துறது எண்டதிலேயே போச்சு. கோயில் சுத்துற மாதிரி வலமாத்தான் சுத்தவேணும் எண்டது ஒரு பகுதி. குளம் சாமியில்லை, காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாப் போதும் எண்டது மற்றப் பகுதி. இடமாச் சுத்துறது செத்தவீட்டுக்கு எண்டு ஆரோ சொன்ன உடனே மற்றப் பகுதியும் வலத்துக்குக் கை தூக்கிச்சு. அதோட வலம் நிச்சயமாச்சுது. எதிர்ப்பக்கத்தால நாயைப் பிடிச்சுக்கொண்டு வாற வெள்ளைக்காரருக்கு இந்தத் தீர்மானத்தை ஒருத்தரும் அறிவிக்கேல்லை.

பிறகு மஞ்சள் ரீசேட் அடிச்சினம். முன்னுக்குச் சங்கத்தின்ர பேர், பின்னுக்கு "நடப்போம், நோயைக் கடப்போம்." அடிச்சு வந்த பிறகுதான், மாசி மாசக் குளிருக்கு ஜக்கெற் போடாமல் வெளிக்கிட ஏலாது, ஜக்கெற் போட்டால் ரீசேட் தெரியாது எண்ட விசயம் கமிட்டிக்கு விளங்கினது. ரீசேட் தெரியாட்டில் சங்கமெண்டு ஆருக்குத் தெரியும்? ஜக்கெற்றுக்கு மேல ரீசேட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, மூச்சு முட்ட நடந்தினம். எதிரில வாற ஆக்கள் ஒதுங்கி நிண்டு வழி விடுவினம். இவர் அதை மரியாதை எண்டு எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில நடை முடிய எல்லாரும் எங்கட வீட்டுக்கு வருவினம். பார்க்கில கக்கூஸ் எப்பவும் பூட்டிக் கிடக்கிறது முதல் காரணம். ரெண்டாவது காரணம் என்ர ரோல்ஸும் கடலை வடையும் பால் தேத்தண்ணியும். குளத்தடியில இறக்கி வச்ச கொழுப்பை எல்லாம் என்ர வீட்டுச் செற்றியில இருந்து திருப்பி ஏத்திக்கொண்டு போவினம்.

சனிக்கிழமை தலைவர் உரையும் உண்டு. பார்க் வாங்குப் பலகையில ஏறி நிண்டு சொல்லுவார். வீடியோ பாத்துப் படிச்சதுதான், ஆனால் மெடிசின் பகிடியில்லை எண்ட முகத்தோட சொல்லுவார். நடக்கேக்கை இரத்தம் கெதியா ஓடுது, இரத்தக் குழாய்ச் சுவரில ஒட்டிக்கொண்டு நித்திரை கொள்ளுற வெண்குழியம் எண்ட வெள்ளை அணுவெல்லாம் எழும்பி உடம்பு முழுக்க ரோந்து போகுது, கிருமியைக் கண்ட இடத்தில பிடிக்குது. இது பிழையில்லை. பிறகு எனக்கு வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரி நேர்ஸும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னவா. அளவா நடக்கிற ஆக்களுக்குத் தடிமன் காய்ச்சல் குறைய வருமாம், வந்தாலும் கெதியா மாறுமாம். இவர் அந்த "அளவா" எண்ட சொல்லை மட்டும் விட்டிட்டார். எங்கட ஆக்கள் எந்தக் காலத்தில ஒரு விசயத்தை அளவாச் செய்தவை?

அதால சங்கத்தில ஒரு எழுதாத சட்டம் வந்தது. நடக்கிற ஆளுக்கு வருத்தம் வரக்கூடாது. வந்தால் நடை பிழை, இல்லாட்டில் ஆள் பிழை. முதல் மாரியிலேயே தடிமனுக்குப் புதுப் பேர்கள் கிளம்பிச்சுது. ஒருத்தருக்குத் தூசு அலர்ஜி. இன்னொருத்தருக்குப் பனி ஒத்துக்கொள்ளேல்லை. பூ ஒண்டும் இல்லாத மார்கழியில ஒருத்தர் மகரந்தம் எண்டார். கைலேஞ்சியை மூக்கில வச்சுக்கொண்டே "சுகமா இருக்கிறன்" எண்டு சொல்லுற மனிசரை நான் இந்தச் சங்கத்திலதான் கண்டன்.

இந்தக் கூத்துக்கு நடுவிலதான் எனக்கு வருத்தம் வந்தது.

என்ர வேலையைச் சொல்லவேணும். ஆஸ்பத்திரியில இரத்தம் எடுக்கிற வேலை. கனகாலம் இவற்ற பெற்றோல் ஸ்டேசனில கல்லாவுக்குப் பின்னால நிண்டு, நாப்பது தாண்டின பிறகு பஸ்ஸில போய்ப் படிச்சு, சோதினை எழுதி, நானே எடுத்த வேலை. அதில இவற்ற சிபாரிசும் இல்லை, இவற்ற பேரும் இல்லை. நரம்பு தெரியாத கையெண்டால் மற்றப் பிள்ளையள் என்னைத்தான் கூப்பிடுவினம். கண்ணால பாக்கிறதில்லை, சுட்டுவிரல் நுனியால தடவிக் கண்டுபிடிக்கிறது. கிழவர் கிழவியள் "வந்திட்டீரா, அப்ப நோகாது" எண்டு கதிரையில இருந்தபடி கையை நீட்டுவினம். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில நிக்கேக்கை எனக்கு வாற சந்தோசம் வேற எங்கையும் வந்ததில்லை.

சங்கம் துவங்கின வருச ஐப்பசியில காலமை எழும்பினால் விரல் மடங்காது. விரல் மூட்டு மொழியெல்லாம் வீங்கி, விறைச்சுப் போய்க் கிடக்கும். சுடுதண்ணிக்குள்ள கையை வச்சு வச்சுத்தான் வேலைக்கு வெளிக்கிடுவன். கடைசியில ஸ்பெசலிஸ்ற்றிட்டை போக, இது முடக்குவாதம் எண்டு சொல்லிச்சினம். அந்தப் பகுதி நேர்ஸ் ஒரு ஐரிஷ் மனுசி, நிதானமா விளங்கப்படுத்தினா. உம்மட எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போகேல்லை, அது கூடிப்போய் ஆளை மாறி அடிக்குது எண்டா. வீட்டுக் காவலுக்கு வச்ச ஆள் கள்ளனை விட்டிட்டு வீட்டுக்காரரைப் போட்டு மொத்துற மாதிரி. அதை அடக்கக் கிழமைக்கு ஒரு ஊசி. பேனை மாதிரி ஒரு சாமான், தொடையில வச்சு நானே அமத்தவேணும். அதோட ஒவ்வொரு நாளும் மெல்ல மெல்ல நடவும் எண்டா, நடை இந்த வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் ஊசி போடுற உடம்பு கிருமிக்கு இடம் குடுக்கும், தடிமன் இருமல்காரரைக் கிட்ட விடாதையும் எண்டும் சொன்னா.

வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். மனுசன்ர முகத்தைப் பாக்கோணும். பாதி உலகத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டப் புறப்பட்ட தலைவர், சொந்த மனுசிக்கு அது கூடினதுதான் வருத்தம் எண்டதை எந்தப் பக்கத்தால விழுங்கிறது? முதல்ல ஐரிஷ் மனுசி மாறிச் சொல்லிப் போட்டாவோ எண்டு கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இஞ்சேரும், இதை வெளியில கதைக்காதையும். தலைவற்ற மனுசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க ஊசி போடுறா எண்டு தெரிஞ்சால், பிறகு ஆர் நடக்க வருவினம்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அப்ப எனக்கும் ஊர்க்கதை வேண்டாம்போல இருந்தது, பேசாமல் விட்டன். சங்கத்துக்கு "கையில சின்னச் சுளுக்கு" எண்டு அறிவிச்சார். ஊசி போடுற செவ்வாய்க்கிழமைகளில வீட்டுக்குள்ள நிக்கமாட்டார். மெடிசினுக்குக் கொஞ்ச மார்க்ஸ் குறைஞ்ச மனுசனுக்கு ஊசியைக் கண்டால் தலை சுத்தும். நான் ஃபிறிட்ஜைத் திறந்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில இருக்கிற பேனையை எடுத்த உடனே, பின் வளவில குப்பைப் பெட்டியைப் பாக்கப் போயிடுவார். எங்கட குப்பைப் பெட்டி மாதிரி ஒழுங்காக் கவனிக்கப்பட்ட குப்பைப் பெட்டி இந்த ரோட்டிலேயே இல்லை.

ஊசி வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமா வீக்கம் வத்தி, விரல் மடங்கத் துவங்கிச்சுது. நானும் பின்னேரத்தில தனிய, சங்கத்துக்குத் தெரியாமல், காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடமா நடந்தன். வேலையிலும் ஒரு குறையில்லை.

அடுத்த மாசியில வந்தது பிளட் ரெஸ்ற். எங்கட ஆக்களுக்கு இது வைத்தியமில்லை, இது சோதினை. ஜீபி, எங்கட குடும்ப டொக்டர், நாள் குறிச்ச உடனே படிப்புத் துவங்கும். வருசம் முழுக்கச் சோறும் இறைச்சியுமாச் சாப்பிட்ட மனிசர் கடைசிக் கிழமை பாவற்காயும் வெறும் தேத்தண்ணியுமாக் கிடப்பினம். ரிசல்ட் வந்தால் ஆளை ஆள் கேட்டு ஒப்பிடுவினம், சீனி உமக்கு எவ்வளவு, கொலஸ்ரோல் எனக்கு இவ்வளவு எண்டு. வழக்கமா அதுகள் குறைஞ்சால் நல்லம். இந்த முறை தலைவர் ஒரு புதுப் பாடம் சேத்தார். எதிர்ப்புச் சக்தியின்ர படை வெண்குழியம், அதின்ர எண்ணிக்கை ரிசல்ட்டில வரும், ஆற்றை கூடவோ அவற்ற நடைதான் நடை. நடந்த கையோட போனால் இன்னும் கூடக் காட்டும் எண்டும் வீடியோவில சொன்னதாம்.

அந்தக் காலமையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். நான் வேலையில நிக்கிறன், கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் ரீசேட்டுகள் வருது. குளத்தை ஓட்டமும் நடையுமாச் சுத்தி, ஆஸ்பத்திரிப் படியையும் ஓடி ஏறி, நெஞ்சு அடிக்க அடிக்க வந்து நிக்கினம். வேர்வை நெத்தியால வழியுது. கொஞ்ச நேரம் இருந்து ஆறுங்கோ, பிறகு எடுப்பம் எண்டன். ஆறினால் குறைஞ்சிடுமாம், கெதியா எடுக்கட்டாம். பக்கத்துக் கதிரையில இரத்தம் குடுக்க இருந்த நைஜீரியாக்காரி இவையெல்லாரும் எதிலயிருந்து தப்பி ஓடி வருகினம் எண்டு கவலையோட கேட்டா. எனக்கு நிலம் பிளந்து உள்ள போனால் நல்லம் போல இருந்தது.

ரிசல்ட் எங்களுக்கு வராது, அவையவையின்ர போனுக்குத்தான் போகும். ஆனால் பின்னேரத்துக்குள்ள சங்கத்தின்ர வட்சப் முழுக்க அதுதான். இந்தச் சோதினையில வகுப்பிலேயே முதலாம் பிள்ளை எங்கட பொருளாளர். ஊரில கணக்கு வாத்தியார், இஞ்சை அக்கவுண்டன்ட், எந்த எண்ணையும் மார்க்ஸாப் பாக்கிற மனுசன். அவற்ற வெண்குழியம் மேல் எல்லையையும் தாண்டிப் போய், போனில பக்கத்தில சிவப்பு அடையாளமும் போட்டிருந்தது. எல்லை தாண்டினால் அதிவிசேட சித்தி எண்டு கணக்கு வாத்தியாருக்குச் சொல்லிக் குடுக்கோணுமே? பூவும் கைகூப்பும் மாலையுமா வாழ்த்துக் குவிஞ்சுது. ஜீபியில இருந்து கெதியா வரச் சொல்லிப் போன் வந்ததாம். எப்பிடிச் சாதிச்சனான் எண்டு கேக்கப்போகினம்போல எண்டு சொன்னவர். பாராட்டு விழா முடியட்டும், பிறகு போறன் எண்டும் சொன்னவர்.

பாராட்டு விழா வேற எங்கை, என்ர வீட்டிலதான்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் வந்து நிறைஞ்சினம். நடுவில கேக். அதில ஐசிங்கால ஒரு சப்பாத்து. பொருளாளர் மஞ்சள் ரீசேட்டோட செற்றியில இருக்கிறார், முகம் சிவந்து, கண் கலங்கி, வார்த்தைக்கு வார்த்தை இருமல். நான் தேத்தண்ணி குடுக்கேக்கை கை பட்டது. நெருப்பாக் கொதிக்குது. காய்ச்சலோ எண்டு கேட்டன். இல்லை அக்கா, நடந்து வந்த சூடு எண்டார். அண்டைக்கு அவர் காரில வந்தவர், நான் யன்னலால பாத்தனான்.

குசினிக்குள்ள இவரைக் கூப்பிட்டுச் சொன்னன். அந்த மனுசனுக்குக் காய்ச்சல், நான் ஊசி போடுற ஆள், ஏதும் சொல்லி அனுப்பி விடுங்கோ எண்டு. இவர் தட்டையும் கையில வச்சுக்கொண்டு தவிச்சார். வீட்டுக்கு வந்த ஆளைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது, அதுவும் விழா நாயகனை, அதுவும் காய்ச்சல் எண்டு? முதலாம் பிள்ளைக்கே காய்ச்சல் எண்டால் சங்கத்தின்ர கதை என்ன? நீர் தள்ளி நில்லும், அது போதும் எண்டார்.

தள்ளி நிக்க விடுவினமே? எங்கட கொண்டாட்டத்தில கேக் வெட்டினால் ஊட்டுறது எண்டு ஒண்டு இருக்கே. வெட்டின ஆள் தன்ர கையால ஒவ்வொருத்தற்ற வாயிலும் வைக்கவேணும், அதைப் படமும் எடுக்கவேணும். பொருளாளர் முதல் துண்டைத் தலைவருக்கு ஊட்டினார். "அக்காவுக்கு, அக்காவுக்கு" எண்டு எல்லாரும் கத்தினம், ஆரோ என்னை முதுகில பிடிச்சு முன்னுக்குத் தள்ளினது. இடக்கையால வாயைப் பொத்தி ஒருக்கா இருமிப்போட்டு, அவர் வலக்கையால கேக்கைப் பிச்சு என்ர வாய்க்கு நேர கொண்டு வந்தார். நான் இவரைப் பாத்தன். ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு பாத்தன். இவர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் வாயைத் திறந்தன்.

மூண்டாம் நாள் பொருளாளரை அம்புலன்ஸில கொண்டு போச்சினம். நெஞ்சில நிமோனியா. அந்த வெண்குழியம் எல்லாம் கிருமியோட அடிபட எழும்பினதுதான், குளத்தைச் சுத்தினதால வந்ததில்லை. ஓடி வந்ததில கொஞ்சம் கூடியிருக்கலாம், ஓடினது ஒரு மணித்தியாலத்தில அடங்கிப் போயிருக்கும். அதுக்கு அடுத்த நாள் நான் விழுந்தன்.

காய்ச்சல், இருமல், மூச்சு விட நெஞ்சு நோ. ஐரிஷ் நேர்ஸ் போனில இருமலைக் கேட்ட உடனே, ஊசியை நிப்பாட்டும், கிருமி முழுக்கப் போன பிறகுதான் திரும்பத் துவங்கலாம் எண்டா. கிருமி ஆறுதலாத்தான் போச்சு. அதுக்குள்ள அடக்கி வச்சிருந்த காவல்காரன் எழும்பிட்டான். ரெண்டு கையும் வீங்கி, சுட்டுவிரல் கொக்கி மாதிரி வளைஞ்சு நிண்டுது. சீப்பால தலை இழுக்க ஏலாது. யன்னல் கொளுக்கி திறக்க ஏலாது. தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு உள்ளங்கையாலும் அணைச்சுப் பிடிச்சுக் குடிப்பன். வேலையில மனேச்சர் நல்ல மனுசி, அதால மெல்லத்தான் கேட்டவா, கை சரிவராட்டில் வரவேற்பு மேசையில இருக்க விருப்பமோ எண்டு. போனை வச்சுப்போட்டு அழுதன். வரவேற்பு மேசையில ஒரு பிழையும் இல்லை. ஆனால் அங்கை ஒருத்தரும் எனக்குக் கையை நீட்டமாட்டினம்.

இவர் சமைச்சார், உடுப்புத் தோய்ச்சார், எல்லாம் செய்தார். ரசத்துக்கு எத்தினை பூடு போடுறது எண்டு கேட்டுக் கேட்டு என்ர உயிரை எடுத்தார். எதிர்ப்புச் சக்தி எண்ட சொல் மட்டும் வாயில வரேல்லை.

ஊசியைத் திரும்பத் துவங்கலாம் எண்டு சொன்ன செவ்வாய்க்கிழமை, பேனையைத் தொடையில வச்சு அமத்திப் பாத்தன். பெருவிரலில பலமில்லை. இஞ்சாருங்கோ, ஒருக்கா அமத்தி விடுங்கோ எண்டன். மனுசன் வெளிறிப் போனார். கையைத் துடைச்சார், கிட்ட வந்தார், பேனையைப் பாத்தார், குப்பைப் பெட்டிப் பக்கம் போயிட்டார். நான் ரெண்டு மணிக்கட்டாலும் பிடிச்சு, மேசை விளிம்பில அண்டக் குடுத்து அமத்தினன். பேனை வழுக்கிச்சு. ஒரு கிளிக். மருந்து முழுக்கக் கம்பளத்தில. அந்தக் கிழமைக்கு இருந்தது அந்த ஒண்டுதான். நான் நிலத்தில இருந்து, ஈரமான கம்பளத்தை வளைஞ்ச விரலால தடவித் தடவி, குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதன். இவர் உள்ள வந்து அப்பிடியே வாசலில நிண்டார். 

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சங்கத்தின்ர முதலாம் ஆண்டு நிறைவு விழா. ஹோல் கிடைக்காமல் பங்குனி வரைக்கும் இழுபட்டுப் போச்சு. ஒரு பள்ளிக்கூட ஹோல், குத்துவிளக்கு, பின்னுக்கு சாப்பாட்டு மேசை. நான் முகக்கவசத்தோட கடைசி வரிசையில, கதவடியில இருந்தன். ஆஸ்பத்திரியால வந்த பொருளாளர் வத்திப்போய் முன் வரிசையில இருந்தார். இவர் மேடைக்குப் போய்த் தொண்டையைச் செருமினார். எதிர்ப்புச் சக்தியைப் பற்றி எழுதி வச்ச பேச்சைச் சட்டைப் பையில இருந்து எடுத்து, பாத்து, திருப்பிப் பைக்குள்ள வச்சார்.

"என்ர மனுசிக்குக் கையில சுளுக்கில்லை," எண்டார். "எதிர்ப்புச் சக்தி கூடின வருத்தம். அதைக் குறைக்க ஊசி போடுறா. மானம் போகுமெண்டு நான்தான் மறைச்சனான். காய்ச்சலோட வந்த ஆளை வாசலில மறிக்க எனக்கு வாய் வரேல்லை. கேக் ஊட்டேக்கை நான் படம் எடுத்துக்கொண்டு நிண்டன். இண்டைக்கு அவாவால ஒரு கோப்பை தூக்க ஏலாது. தலைவர் வேலை எனக்கு வேண்டாம்."

 எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தினம். எனக்கு வெக்கமும் வரேல்லை, கோபமும் வரேல்லை. இந்த மனுசனுக்கு இவ்வளவு தைரியம் எங்கையிருந்து வந்தது எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

பிறகு பொருளாளர் எழும்பினார். தனக்கு அண்டைக்கு நல்ல காய்ச்சல், ரெண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வந்தனான் எண்டு சொல்லி என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.  அதோட அணை உடைஞ்சுது. செயலாளர் எழும்பி, தனக்கு நெஞ்சு அடைப்புக்கு ஸ்ரென்ற் வச்சிருக்கு, பாதிக் குளத்தோட நிண்டு மரத்துக்குப் பின்னால இருந்திட்டு, கடைசிச் சுத்தில சேர்றனான் எண்டார். இன்னொருத்தர் ஆஸ்மா பம்பைக் காருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறாராம். மகரந்தக்காரருக்கு அது மகரந்தமில்லையாம். இப்பிடியே போய்ப் போய், எங்கட ஆக்கள் எங்கட ஆக்கள்தானே, கொஞ்ச நேரத்தில அது போட்டியா மாறிச்சு. எனக்கு ஒரு நாளைக்கு நாலு குளிசை எண்டு ஒருத்தர், எனக்கு ஆறு, அதில ரெண்டு பெருங்குளிசை எண்டு மற்றவர். பொருளாளர் தன்ர நிமோனியாவை எந்தக் கட்டத்திலயும் விட்டுக் குடுக்கேல்லை. அதிலயும் அவர்தான் முதலாம் பிள்ளை.

தலைவற்ற ராஜினாமாவை ஒருத்தரும் ஏற்கேல்லை. வேற தலைவர் தெரிவு செய்யப் போனால் சாப்பாடு ஆறிடும். ஆனால் ஒரு தீர்மானம் போட்டினம். தடிமன் இருமல் உள்ள ஆள் நடக்கவும் கூடாது, ஒரு வீட்டுக்கும் போகவும் கூடாது, மறைச்சால் சங்கத்தால நிப்பாட்டுறது. அடுத்த சனிக்கிழமை எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. எல்லாருக்கும் தடிமனாம். ஒரு வருசத்தில முதல் தடவையா நான் என்ர வீட்டுச் செற்றியில கால் நீட்டி இருந்து, இவர் பொரிச்ச கருகின ரோல்ஸை ஆறுதலாச் சாப்பிட்டன்.

அதுக்கு முந்தி, விழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே, நான் ஃபிறிட்ஜைத் திறக்க முதலே இவர் வந்து நிண்டார். கை ரெண்டையும் முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஒப்பரேசனுக்கு வெளிக்கிட்ட டொக்டர் மாதிரி முன்னுக்குத் தூக்கிப் பிடிச்சிருந்தார். முகம் மாவு மாதிரி. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார், விழுந்தாலும் தூரம் போகாமல் இருக்க. பேனையை என்ர தொடையில வச்சு, முகத்தை ஃபிறிட்ஜ் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அமத்தினார். மருந்து முழுக்க உள்ள போகுமட்டும் பிடிச்சிருக்கவேணும். பார்க்கில நடைக்கு எண்ணுற அதே குரலில பலமா எண்ணினார்.

விரல் சரிவரக் கனநாள் எடுத்தது. காலமையில மெல்ல நடந்தம், நானும் இவரும், ரீசேட் இல்லாமல், நான் சொன்ன பக்கமா. வெயில் வந்த ஒரு நாள் சுட்டுவிரல் முழுசா மடங்கிச்சு. நான் திரும்ப அந்தக் கதிரைக்குப் பக்கத்தில போய் நிண்ட அண்டைக்கு, நரம்பு தெரியாத ஒரு கிழவி கையை நீட்டினா. முதல் தடவையிலேயே எடுத்தன்.

இப்ப என்ர பெருவிரலுக்கு நல்ல பலம் இருக்கு, ஊசியை நானே போடலாம். ஆனால் இவருக்கு அதைச் சொல்லேல்லை. ஊருக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டச் சங்கம் வச்ச மனுசன், செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்ரையைத் தன்ர பெருவிரலாலேயே குறைச்சு விடுறார். எண்ணி முடிய, கண்ணைத் திறக்காமலே நொந்ததோ எண்டு கேப்பார். இல்லை எண்டு சொல்லுவன். நோகும், நல்லா நோகும். இந்த வீட்டில இப்ப ஒளிச்சு வைக்க மிச்சம் இருக்கிற வருத்தம் அது ஒண்டுதான்.